கோடாலிச் சத்தம்: உஸ்பெக் குழந்தைக் கதைகளோடு ஆறு நாள்

முதல் நாள், தாஷ்கண்ட்

தில்லியிலிருந்து மூன்று மணி நேரம்தான். சென்னையிலிருந்து தில்லிக்குப் பறந்ததும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே. ஆனாலும் இங்கே வந்து இறங்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் இருபது பிள்ளைகள் கூடிக் கதை வாசிக்கிறோம். அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அப்பா இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து வந்தான். கலகலப்பாக இருக்கட்டும் என்று ஒரு படக்கதைப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இதுல எல்லாருக்கும் அப்பா இருக்காங்க அக்கா" என்றான். என் அலமாரியில் முந்நூறு புத்தகங்கள் இருந்தன. அவனுக்குக் கொடுக்க ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். இழப்பையும் பசியையும் திருட்டுத்தனத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசும் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று தேடிய வழியில் உஸ்பெக் எழுத்தாளர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அம்மா வாங்கி வைத்திருந்த சோவியத் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள் நான். அதனால் தாஷ்கண்ட் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. ஊர்தான் புதிது.

மொழிபெயர்த்து உதவ ஒரு கல்லூரி மாணவி வந்திருக்கிறாள். என்னை 'ஓபா' என்று கூப்பிடுகிறாள். அக்கா என்று அர்த்தம். அப்படியானால் 'அகா' என்றால் என்ன என்று கேட்டேன். அண்ணனாம்! தெருவில் யாரோ "அகா, அகா" என்று கூப்பிடும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

சாயங்காலம் ஒரு புத்தகக் கடைக்குப் போனோம். குழந்தைகள் பகுதியில் ஒரே கதை இரண்டு எழுத்தில் இருந்தது, பழைய பதிப்பு ரஷ்ய எழுத்தான சிரிலிக்கில், புதியது ஆங்கிலத்தில் பார்க்கிற லத்தீன் எழுத்தில். உஸ்பெக் மொழியை லத்தீன் எழுத்துக்கு மாற்றும் சட்டம் 1993-ல் வந்தது. அதற்கு முன் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக சிரிலிக்தான். பாட்டி படித்த புத்தகத்தைப் பேத்தியால் தடுமாறாமல் படிக்க முடியாது. "எங்கள் வீட்டில் அம்மாவின் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன ஓபா, நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்" என்றாள் அவள். எனக்கு மனம் கனத்துவிட்டது. இதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

இரண்டாம் நாள், தாஷ்கண்ட்

காலையில் மக்கள் நட்புச் சதுக்கம். பெரிய வெண்கலச் சிலை, 1982-ல் வைத்தது. நடுவில் கொல்லர் ஷோஅஹ்மத் ஷோமஹ்முதோவ், பக்கத்தில் அவர் மனைவி பஹ்ரி அக்ரமோவா, சுற்றிலும் குழந்தைகள். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து ரயில் ரயிலாகக் குழந்தைகள் தாஷ்கண்டுக்கு வந்து இறங்கினார்கள். உஸ்பெகிஸ்தானுக்கு வந்த குழந்தைகள் சுமார் 2 லட்சம் என்று சொல்கிறார்கள். பெற்றோர் எங்கே என்று தெரியாதவர்கள், தன் பெயரே தெரியாத கைக்குழந்தைகள். இந்தக் கொல்லரும் மனைவியும் வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் 15 பேரைத் தங்கள் பிள்ளைகளாக்கிக்கொண்டார்கள். இப்படி எடுத்து வளர்த்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை, ஊர் ஊராக இருந்தார்கள். நடுவில் சிலையை நகரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பத்து வருடம் போல அங்கே கிடந்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்திருக்கிறது.

பத்து நிமிடம் சிலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் அந்தக் கவிதையைப் பற்றிக் கேட்டேன்.

உஸ்பெக் கவிஞர் கஃபூர் குலாம் இந்தக் குழந்தைகளைப் பற்றி 1942-ல் எழுதியது அது. தலைப்பின் பொருள் 'நீ அநாதை இல்லை'. ரயிலில் வந்து இறங்கிய குழந்தையைப் பார்த்து ஒரு பெரியவர் பேசுவதாக வரும் கவிதை. மாணவி அதை மனப்பாடமாகச் சொன்னாள். பள்ளியில் படித்ததாம். அவள் கவனிக்கச் சொன்னது ஒரே ஒரு சொல்லை. உஸ்பெக்கில் 'சென்' என்றால் நீ, 'சிஸ்' என்றால் நீங்கள். தாஷ்கண்டில் பல வீடுகளில் பெற்ற பிள்ளையையே 'சிஸ்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கவிதையோ 'சென்' என்று தொடங்குகிறது. முன்பின் தெரியாத குழந்தையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொள்ளும் 'நீ' அது. "அந்த ஒரு சொல்லிலேயே தத்தெடுத்து முடித்துவிட்டார் ஓபா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

இதை எழுதியவரும் அநாதையாக வளர்ந்தவர்தான். 1903-ல் இதே ஊரில் பிறந்தவர், ஒன்பது வயதில் அப்பாவையும் பதினைந்தில் அம்மாவையும் இழந்தவர். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். மதியம் அங்கே போயிருந்தோம். ஆனால் எனக்கு அந்த வீட்டைவிட அவருடைய இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை.

'ஷும் போலா'. குறும்புக்காரப் பையன் என்று சொல்லலாம். நம் ஊரில் 'வாலு' என்போமே, அது. 1936-ல் வந்தது, பிறகு 1960-களில் விரித்து எழுதினார். பழைய தாஷ்கண்டின் சந்துகளில் திரியும் ஒரு பையன் தன் கதையைத் தானே சொல்கிறான். கூட்டாளிகளோடு சமைத்துச் சாப்பிட வீட்டிலிருந்து வெண்ணெயைத் திருடித் தொப்பிக்குள் ஒளித்துக்கொள்வான். அம்மாவோ பேச்சுக் கொடுத்து அடுப்பருகே நிறுத்திவைப்பாள். வெண்ணெய் உருகி நெற்றியில் வழியும். இங்கே யாரிடம் இந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் முதலில் தொப்பியைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

சிரிப்புக்குள்ளே இருப்பது வேறு. அவன் வீட்டை விட்டு ஓடுகிறான், பட்டினி கிடக்கிறான், எடுபிடி வேலை செய்கிறான், ஏமாறுகிறான், ஏமாற்றுகிறான். எங்கேயும் ஆசிரியர் குறுக்கே வந்து 'பார்த்தாயா, திருடினால் இதுதான் கதி' என்று சொல்வதில்லை. வெட்கம் என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளக்க ஆயிரம் நீதிமொழி சொல்லலாம். நெற்றியில் வழியும் வெண்ணெய்க்கு ஈடாகாது. தப்புச் செய்தவன் மேல் வெறுப்பு வராமல், அவன் முகத்துக்குள்ளே புகுந்து நாமும் கூசிப்போகிறோம். அடுத்தவன் நிலையில் நின்று பார்ப்பது என்பது எனக்குத் தெரிந்து இதுதான்.

மூன்றாம் நாள், புகாரா

நான்கு மணி நேர அதிவேக ரயில். லபி ஹவுஸ் குளத்தங்கரை. 1620-ல் கட்டிய குளம், சுற்றிலும் கிழட்டு முசுக்கொட்டை மரங்கள். பக்கத்தில் கழுதை மேல் உட்கார்ந்து கையை உயர்த்திச் சிரிக்கிறார் நம்ம முல்லா நஸ்ருதீன். இங்கே அவர் பெயர் அஃபந்தி. 1979-ல் வைத்த சிலை. கழுதையின் காதும் முதுகும் பளபளவென்று தேய்ந்திருக்கின்றன, அத்தனை பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள்.

ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கழுதையிலிருந்து இறங்க மறுத்து அடம்பிடித்தான். அவன் தாத்தா அதட்டவில்லை. "அஃபந்தி விருந்துக்குப் போன கதை என்ன, சொல்" என்று கேட்டார். பையன் கழுதை மேலிருந்தபடியே சொன்னான். கந்தல் உடையில் போனபோது யாரும் உட்காரச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் புது அங்கியைப் போட்டுக்கொண்டு வந்ததும் தலைமை இடம். உடனே அஃபந்தி அங்கியின் கையைச் சோற்றுத் தட்டில் நுழைத்து, "சாப்பிடு என் அங்கியே, சாப்பிடு" என்கிறார். அந்த இடம் வந்ததும் நடித்துக் காட்டுவதற்காகப் பையன் தானாகவே கீழே குதித்துவிட்டான்.

நமக்கும் தெரிந்த கதைதான். ஆனால் வகுப்பில் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தக் கதை என்ன செய்யும் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். அவமானப்பட்டால் அழுவது, அடிப்பது இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று காட்டிக் கொடுக்கிறது. தன்மானம் குறையாமல் சிரிக்கிற வழி. அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தவும் முடியாது, கதையாகக் கடத்தத்தான் முடியும்.

நான்காம் நாள்

முழுக்கப் பயணம். தாஷ்கண்ட் திரும்பினோம். ரயிலில் மாணவியோடு நீண்ட பேச்சு. இங்கே பள்ளிகளில் 'தர்பியா' என்றே ஒரு பாடம் 2020-லிருந்து இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களிடமும் புழங்கும் சொல்தான், வளர்ப்பு, பண்படுத்தல் என்று பொருள். உஸ்பெக் எழுத்தாளர் அப்துல்லா அவ்லானி 1913-ல் பிள்ளைகளுக்காக ஒழுக்கப் புத்தகம் எழுதியபோதே, தர்பியா என்பது நமக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம் என்று எழுதியிருக்கிறார். அந்த வரி இங்கே பள்ளிச் சுவர்களில் எல்லாம் இருக்கிறதாம்.

'அந்திஷா' என்றொரு சொல்லும் கற்றுக்கொண்டேன். அடுத்தவர் மனம் நோகுமே என்று வாயை அடக்கிக்கொள்வது. நல்ல குணம்தான். "ஆனால் எனக்குப் பத்து வயதில் அழவே தெரியாது ஓபா. நல்ல பெண் அழமாட்டாள் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். புத்தகத்தில் யாராவது அழுதால் அவர்களோடு சேர்ந்து அழுவேன்" என்றாள். நம் வீடுகளிலும் இதே கதைதானே.

ஐந்தாம் நாள், மார்கிலான்

ஃபர்கானா பள்ளத்தாக்கு. தாஷ்கண்டிலிருந்து ரயில் கம்ச்சிக் கணவாய்க்கு அடியில் 19.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் போகிறது. 2016-ல் திறந்தது. அதற்கு முன் ரயிலில் வரவேண்டுமானால் தஜிகிஸ்தான் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். கால் மணி நேர இருட்டு, அப்புறம் சட்டென்று பச்சை.

மாணவியின் உறவுக்கார வீட்டில் தங்கியிருக்கிறோம். நடுவில் முற்றம், திராட்சைக் கொடிப் பந்தல், அதன் கீழே பெரிய கட்டில் போன்ற மேடை. வீட்டுப் பாட்டி பட்டு நெசவு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கிண்ணத்தில் தேநீரைப் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுகிறார். விருந்தாளிக்குக் கொஞ்சமாக ஊற்றித் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பதுதான் மரியாதை. கிண்ணத்தை நிரப்பினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று ஆகிவிடுமாம்.

பேத்திக்கு எட்டு வயது. அவள் அப்பா ரஷ்யாவில் கட்டட வேலை. போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் இப்படி வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார் போல. எங்கள் பக்கத்துச் சிங்கப்பூர், துபாய் வீடுகளேதான்.

அறைச் சுவரில் ஆணியில் ஒரு ரொட்டி தொங்குகிறது. வட்டமான நான் ரொட்டி, காய்ந்து கல்லாகிவிட்டது. ஓரத்தில் ஒரு கடி. முதலில் எனக்குப் புரியவில்லை. தூரம் போகிறவர் கிளம்பும்போது ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தை எடுத்து வைப்பார்கள். மீதியைச் சாப்பிட அவர் திரும்பி வந்தே ஆக வேண்டும். ராணுவத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் செய்வது பழைய வழக்கம், இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கும். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கடியைக் காட்டினாள். பல் தடம் தெரிகிறது. "இது எங்க அப்பா பல்" என்றாள், அவ்வளவு பெருமையாக.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி கதை சொன்னார். உஸ்பெக் கதைகள் தொடங்கும் விதமே அழகு: 'ஒருவர் இருந்தாராம், ஒருவர் இல்லையாம், ஒருவர் பசித்திருந்தாராம், ஒருவர் வயிறு நிறைந்திருந்தாராம்.' இருப்பதும் இல்லாததும், பசியும் நிறைவும் முதல் வரியிலேயே வந்துவிடுகின்றன.

கதை 'ஸும்ரத்தும் கிம்மத்தும்'. ஸும்ரத் என்றால் மரகதம், கிம்மத் என்றால் விலைமதிப்பு. ஸும்ரத் மூத்த தாரத்தின் மகள், கிம்மத் சின்னம்மா பெற்ற மகள். ஸும்ரத் சுறுசுறுப்பானவள். சின்னம்மாவுக்கு அவளைப் பிடிக்காது. 'இவளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா' என்று புருஷனைப் பிடுங்குகிறாள். கடைசியில் அவரும் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். நீ இங்கே இரு, நான் விறகு வெட்டுகிறேன் என்கிறார். கோடாலியை மரக்கிளையில் கட்டிவிட்டு ஓசைப்படாமல் போய்விடுகிறார். காற்றில் கோடாலி ஆடி மரத்தில் மோதுகிறது. டக், டக். அப்பா பக்கத்தில்தான் விறகு வெட்டுகிறார் என்று ஸும்ரத் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பாட்டி இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் மேடையின் மரச்சட்டத்தைத் தட்டினார். டக். டக். நீண்ட நேரம். பேத்தி அசையவில்லை.

மிச்சக் கதை உங்களுக்கே தெரிந்த மாதிரிதான் போகும். காட்டுக் கிழவி, அவள் வீட்டில் ஸும்ரத் செய்யும் வேலைகள், பரிசாகக் கிடைக்கும் பெட்டி நிறைய நகை. ஆசைப்பட்டுப் போன சோம்பேறி கிம்மத்தின் பெட்டியிலோ பாம்பு. இந்தப் பின்பாதி எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வாய் பேசாமல் வேலை செய்கிற பெண்ணே நல்ல பெண் என்பதும், சின்னம்மா என்றாலே கொடுமைக்காரி என்பதும் எந்த ஊர்க் கதையில் வந்தாலும் எனக்கு ஒப்பாது. ஆனால் அந்தக் கோடாலி! பெரியவர்கள் கைவிடுவார்கள், அப்பாவேகூடக் கைவிடக்கூடும் என்கிற பயம் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்கப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கதை அந்தப் பயத்துக்கு ஒரு சத்தத்தைக் கொடுத்துவிடுகிறது.

கதை முடிந்ததும் பேத்தி கேட்டாள். "திரும்பி வரும்போது அவள் அப்பா அழுதாரா?"

நானாக இருந்தால் உடனே 'அழுதிருப்பார் கண்ணு' என்று சமாதானம் சொல்லியிருப்பேன். பாட்டி சொல்லவில்லை. தேநீர் ஊற்றினார். பிறகு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். பதில் வரவில்லை. பாட்டி அவசரப்படுத்தவும் இல்லை. பிள்ளை அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள், மார்கிலான்

காலையில் பாட்டி தன் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். ஹுதாய்பெர்தி தோஹ்தபாயெவ் எழுதியது. 1932-ல் இதே ஃபர்கானா வட்டாரத்தில் பிறந்த எழுத்தாளர், 2021-ல் காலமானார். இவருடைய 'மஞ்சள் பூதத்தின் மேல் ஏறி' கதையைப் படிக்காத உஸ்பெக் பிள்ளை இருக்காது. படிப்பில் நாட்டமில்லாத ஹோஷிம்ஜானுக்கு ஒரு மாயத் தொப்பி கிடைக்கும். போட்டால் ஆள் மறைந்துவிடுவான். படிக்காமலே எல்லாம் ஆகிவிடலாம் என்று ஊர் ஊராகப் போவான், போன இடமெல்லாம் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் தொப்பி மறைக்கத்தான் செய்யும், அறிவைத் தராது.

பாட்டியின் கையில் இருந்தது அது இல்லை. அதே ஆசிரியரின் 'ஐந்து பிள்ளைக்காரப் பையன்'. போர்க்காலத்தில் பெற்றோர் இல்லாமல் போன வீட்டில், தம்பி தங்கைகளைத் தன் பிள்ளைகளாகச் சுமக்கும் ஒரு சிறுவனின் கதை. அட்டை கிழிந்து நூலால் தைத்திருந்தது. பக்கங்கள் எல்லாம் சிரிலிக்.

இங்கேதான் முதல் நாள் எனக்கு மனம் கனத்த விஷயத்துக்கு வேறு ஒரு முகம் தெரிந்தது. பேத்தியால் அதைத் தானாகப் படிக்க முடியாது. அதனால் பாட்டி படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. தினம் நாலைந்து பக்கம். பசி வரும் இடத்தில் பாட்டி தன் அம்மா சொன்ன போர்க்காலத்துப் பசியைச் சொல்கிறார். தங்கை அழும் இடத்தில் பேத்தி குறுக்கே கேள்வி கேட்கிறாள். எழுத்து மாறியதால் தலைமுறை தலைமுறையாக அறுந்தது நிறைய இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திராட்சைப் பந்தலுக்கு அடியில், படிக்கத் தெரியாத ஒரு எழுத்துதான் இருவரையும் ஒரே பக்கத்தின் மேல் குனிய வைத்திருக்கிறது.

இதைத்தான் நான் காரைக்குடிக்குக் கொண்டுபோகிறேன். அந்தப் பையனிடம் புத்தகத்தை நீட்டினேனே தவிர, அவனோடு உட்கார்ந்து படிக்கவில்லை. ஒரு வேளை 'எல்லாருக்கும் அப்பா இருக்காங்க' என்று அவன் சொன்னதற்குப் பிறகாவது நான் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அடுத்த புத்தகத்தைத் தேடப் போய்விட்டேன்.

மதியம் ரஷ்யாவிலிருந்து அப்பாவின் வீடியோ அழைப்பு. தலையில் மஞ்சள் கவசத் தொப்பி, பின்னால் பாதி எழும்பிய சுவர். பேத்தி அவருக்கு நேற்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மாணவி என் காதருகே மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். காடு வந்தது. கோடாலி வந்தது. விரல் நகத்தால் போனின் பின்புறத்தைத் தட்டிக் காட்டினாள், டக், டக். அந்தப் பக்கம் அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்புறம் அவள் அப்பா பாதி வழி போனாராம். ஐயோ, கோடாலியை மறந்துவிட்டோமே என்று நினைத்தாராம். எடுக்கத் திரும்பி வந்தாராம். பார்த்தால் ஸும்ரத் அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம்."

மாணவி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி திருத்தவில்லை. கிண்ணத்தில் கொஞ்சமாகத் தேநீரை ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, "ம்ம், அப்புறம்?" என்று பேத்தியிடம் கேட்டார்.